முதலில் கலக்கவும், பிறகு கழிக்கவும்

கேள்வி: நொடிக்கு 120 பிரேமில் எடுத்த ஓட்டப்பந்தய வீடியோவை ஒரு ஸ்கிரிப்ட் போட்டு 24-க்குக் குறைத்தேன். ஓடுகிறவர்கள் வெட்டி வெட்டிப் போகிறார்களே?

பதில்: ஐந்து பிரேமில் நான்கை உங்கள் ஸ்கிரிப்ட் தூக்கி எறிந்துவிட்டது, வெட்டாமல் என்ன செய்யும்? சினிமாவில் ஒரு பிரேமுக்கு வழக்கமாக 1/48 நொடி ஷட்டர் திறந்திருக்கும். அதற்குள் நகர்ந்த கை லேசாகக் கலங்கிப் பதியும். அந்தக் கலங்கல் இருந்தால்தான் ஓட்டம் ஓட்டமாகத் தெரியும். எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் ‘டிமிக்ஸ்’ ஃபில்டரைப் போட்டு, அடுத்தடுத்த மூன்று பிரேம்களைச் சராசரி எடுங்கள். பிறகு ஐந்துக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1/40 நொடிக்கான கலங்கல் கிடைக்கும். ஐந்தையும் கலந்தால் 1/24. என் கண்ணுக்கு அது குழைந்த சாதம்.

கேள்வி: அப்படியே செய்தேன். கிரிக்கெட்டில் ஒரு பந்து மூன்று பந்தாகிவிட்டது!

பதில்: நல்ல வெயிலில் எடுத்திருப்பீர்கள். வெளிச்சம் கூடினால் போன் தானாகவே ஷட்டரை 1/2000 நொடி அளவுக்குச் சுருக்கிவிடும். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் பந்து, ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே 32 செ.மீ. தாண்டிவிடுகிறது. ஷட்டர் திறந்திருந்தபோது அது நகர்ந்தது 2 செ.மீ.கூட இல்லை. மிச்ச தூரம் எந்தப் பிரேமிலும் பதியவில்லை. பதியாததை எந்த ஸ்கிரிப்ட் சராசரி எடுக்கும்? அவிசின்த் மென்பொருளுக்கான எம்விடூல்ஸ், நகர்வைக் கணித்து இடைப் பிரேம்களை உருவாக்கித் தரும். ஆனால் அது ஊகம்தான். மட்டையும் கையும் பந்தும் குறுக்கிடும் இடத்தில் உருவம் இழுபடும். அடுத்த முறை லென்ஸில் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டி, ஷட்டரை 1/120-இல் நிறுத்துங்கள். இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2012-இல் வெளிவந்த ‘ஹாபிட்’டை 48 பிரேமில் எடுத்தபோது, வழக்கமான 1/96-ஐ விட்டு 1/64 நொடி ஷட்டர் வைத்தார். 24 பிரேமில் ஓடும் பிரதியும் கண்ணை உறுத்தக் கூடாது என்ற அக்கறை. படப்பிடிப்பிலேயே யோசித்துவிட்டார் பாருங்கள், அதுதான் சரியான இடம்.

கேள்வி: இரவுச் சாலையைக் கலந்தால் ஹெட்லைட் கோடுகள் மங்கிப்போகின்றனவே?

பதில்: வீடியோ கோப்பில் இருப்பது ஒளியின் அளவு அல்ல, காமா வளைவில் வளைத்த எண். 0-வையும் 255-ஐயும் நேரே சராசரி எடுத்தால் 128 வரும். பாதி வெளிச்சத்துக்கு உரிய எண்ணோ 187-ஐ ஒட்டியது. காமாவை நீக்கி, 16 பிட்டில் கலந்து, மறுபடி காமா போடுங்கள். ரெண்டர் ஆக நேரம் பிடிக்கும். இரவுக் காட்சி என்றால் இதை நான் விடவே மாட்டேன்.

கேள்வி: 60-இலிருந்து 24? இரண்டரை வருகிறதே!

பதில்: அரையையும் கணக்கில் சேருங்கள். ஒரு பிரேமுக்கு 1, 1, ½. அடுத்ததற்கு ½, 1, 1 என்று எடை கொடுத்து இரண்டரையால் வகுங்கள். போன் வீடியோ என்றால் பிரேம் இடைவெளி சீராக இருக்காது. முதலில் நிலையான 60-க்கு மாற்றிவிட்டு எடையில் கை வையுங்கள்.