டாக்டருக்கு ரக்கூன் வைத்த வணக்கம்

கொரோனா காலத்தில் மூக்குக்குள் குச்சியை விட்டு மூளை வரை துழாவினார்களே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணில் நீர் வழிய, 'இதைக் கண்டுபிடித்தவன் மட்டும் கையில் கிடைக்கட்டும்...' என்று பல்லைக் கடித்திருப்பீர்கள். கிடைத்திருக்க மாட்டார். 2019 ஆகஸ்ட்டிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தவிர, குச்சி அவருடைய ஐடியா இல்லை. குச்சியில் ஒட்டிய சளி லேபுக்குப் போனபின் மெஷினுக்குள் நடக்கிற பி.சி.ஆர். சமாச்சாரம் மட்டும்தான் அவருடையது. அதுவும் முழுக்க அவருடையதா என்று கேட்டால் கோர்ட்டு வரை போக வேண்டும். போனார்கள்.

பெயர் கேரி முல்லிஸ், அமெரிக்கர். நோபல் விஞ்ஞானி என்றதும் உங்கள் மனதில் வரும் தாடியையும் வெள்ளைக் கோட்டையும் தயவுசெய்து கழற்றி வைத்துவிடுங்கள். 1993-ல் வேதியியல் நோபல் அறிவித்த காலையில் இவர் கலிபோர்னியா கடலில் பலகை மேல் நின்று அலையோடு சறுக்கிக்கொண்டிருந்தார். ஜப்பான் மகாராணியை 'ஸ்வீட்டி' என்று கூப்பிட்டதாக அவரே பெருமையாக எழுதியிருக்கிறார். நோபல் உரையில் எல்லோரும் குருவுக்கு நன்றி சொல்வார்கள். இவர் காதலி விட்டுப்போன சோகத்தைச் சொன்னார்!

மாணவப் பருவத்திலேயே ஆசாமி இப்படித்தான். பெர்க்லியில் படித்ததோ உயிர்வேதியியல். 1968-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரையோ, பிரபஞ்சத்தில் காலம் பின்னோக்கி ஓடுவது பற்றி. 'நேச்சர்' என்றால் சும்மா இல்லை, அதில் ஒரு பக்கம் வந்தாலே பேராசிரியர்கள் ஃப்ரேம் போட்டு மாட்டுவார்கள். பிற்காலத்தில் இதே முல்லிஸ் பி.சி.ஆர். பற்றி எழுதி அனுப்பியபோது 'நேச்சர்' திருப்பி அனுப்பிவிட்டது. காலம் ரிவர்ஸ் கியரில் போகும் என்றால் நம்பினார்கள், டி.என்.ஏ.வை நகலெடுக்கலாம் என்றால் நம்பவில்லை.

டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு நாவல் எழுதப் பார்த்தார். பிறகு (சத்தியமாக) ஒரு பேக்கரியை நிர்வகித்தார். 1979-ல்தான் கலிபோர்னியாவின் சீட்டஸ் கம்பெனியில் வேலை. டி.என்.ஏ.வின் குட்டித் துண்டுகளைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். கொஞ்ச நாளில் அந்த வேலைக்கு மெஷின் வந்துவிட்டது. மனிதர் சும்மா உட்கார்ந்தார். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் சித்தர்கள் சொன்னதெல்லாம் இதைத்தானோ என்னவோ.

1983, ஒரு வெள்ளிக்கிழமை இரவு. ஹோண்டா சிவிக் காரில் மலைக்காட்டில் இருந்த தன் குடிலுக்குப் போகிறார். பக்கத்து சீட்டில் காதலி தூங்குகிறார். வெளியே காட்டுப் பூ வாசனை. நம்மூர் ஹீரோவாக இருந்தால் இங்கே ஒரு டூயட் வந்திருக்கும். இவர் நடுவழியில் வண்டியை நிறுத்தி, கிடைத்த கவரில் கணக்குப் போட ஆரம்பித்தார். தூக்கம் கலைந்த காதலி எரிச்சல்பட்டார். இடம், 128-ஆம் நெடுஞ்சாலையில் 46.58 என்ற மைல்கல். ஞானம் பிறந்த இடத்தை இரண்டு தசமம் வரை குறித்து வைத்துக்கொண்டது புத்தருக்குக்கூடத் தோன்றாத யோசனை.

விஷயம் என்ன? நம்மூர் மீட்டர் வட்டிதான். டி.என்.ஏ. என்பது ஜிப் வைத்த ஏணி. 95 டிகிரிக்குச் சூடாக்கினால் ஜிப் திறந்து இரண்டாகும். ஆறவிட்டால், நாம் போட்ட குட்டித் துண்டுகள் வேண்டிய இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு நொதி வந்து மிச்சத்தைக் கட்டி முடிக்கும். ஒன்று இரண்டாச்சு. மறுபடி சூடாக்கு, நாலு. மறுபடி, எட்டு. முப்பது ரவுண்டு முடிந்தால் நூற்றேழு கோடியைத் தாண்டும். கந்துவட்டிக்காரர் யாராவது அன்று அந்தக் காரில் இருந்திருந்தால் கவரே தேவைப்பட்டிருக்காது.

அதுவரை டாக்டர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? காசநோயா என்று பார்க்கக் கிருமியை வளர்த்தார்கள். அது சோம்பேறிக் கிருமி, வளர ஆறு வாரம் ஆகும். அதற்குள் நோயாளி ஒன்று தேறிவிடுவார், அல்லது தேறவே மாட்டார். இன்று அதே அடிப்படையில் ஓடும் சிபி-நாட் மெஷின் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. ரிப்போர்ட்டை வாங்க க்யூவில் நிற்கும் நேரம் தனி.

சரி, ஆபீசில் ஆரத்தி எடுத்தார்களா? ம்ஹூம். முல்லிஸ் வாரத்துக்கு ஒரு 'உலகையே மாற்றும் ஐடியா'வோடு வந்து, நடுநடுவே யாருடனாவது சண்டையும் போடுகிறவர். புலி வருது கதைதான். நிஜப்புலி வந்தபோது ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை. போதாக்குறைக்கு அவருடைய சோதனைகள் அலங்கோலம். சக விஞ்ஞானிகள்தான் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தினார்கள். 1985-ல் 'சயன்ஸ்' இதழில் முதல் கட்டுரை வந்தபோது ஏழு பேரில் நாலாவதாக முல்லிஸ் பெயர். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை 'மற்றும் சுற்றத்தார்' வரிசையில் போட்ட மாதிரி! சாகும்வரை அவருக்கு ஆறவில்லை.

இன்னொரு குடைச்சலும் இருந்தது. நொதி சூடு தாங்காது. ஒவ்வொரு ரவுண்டிலும் செத்துப்போகும். ஓர் ஆள் பக்கத்திலேயே நின்று புதிதாக ஊற்ற வேண்டும். காப்பாற்றியது யார்? 1960-களில் தாமஸ் பிராக் என்பவர் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டுபிடித்திருந்த ஒரு பாக்டீரியா. ஆவி பறக்கும் வெந்நீரில் குடும்பம் நடத்துகிற ஜீவனின் நொதிக்கு 95 டிகிரி எம்மாத்திரம்! பி.சி.ஆர். கோடிகளில் பிராக்குக்குச் சல்லிக்காசு வரவில்லை.

இனி அந்தக் கோர்ட்டு கதை. பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானாவின் குழு 1971-லேயே ஏறக்குறைய இதே யோசனையை எழுதி வைத்திருந்தது. 'பார்த்தாயா, எல்லாம் நம்மாள்தான்!' என்று கிளம்புமுன் ஒரு நிமிஷம். எழுதினார்கள், தொடரவில்லை. டூபான்ட் கம்பெனி அந்தக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு, சீட்டஸின் பி.சி.ஆர். காப்புரிமை செல்லாது என்று கோர்ட்டுக்குப் போனது. 1991-ல் ஜூரி, காப்புரிமை சீட்டஸுக்கே என்றது. அதே வருஷம் ரோச் கம்பெனிக்கு 30 கோடி டாலருக்கு விற்றார்கள். கண்டுபிடித்தவருக்குக் கம்பெனி கொடுத்திருந்த போனஸ் 10,000 டாலர். சிரிக்காதீர்கள், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு முடித்துக்கொள்ளும் முதலாளிகளும் இருக்கிறார்கள்.

இனிதான் கிளைமாக்ஸ். 1987-லேயே முல்லிஸின் பழைய சகாக்கள் பி.சி.ஆர். வைத்து எச்.ஐ.வி.யை வேட்டையாட ஆரம்பித்துவிட்டார்கள். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளந்து மருந்து கொடுப்பதே பிறகு இதனால்தான் முடிந்தது. முல்லிஸ் என்ன சொன்னார்? எச்.ஐ.வி.யால்தான் எய்ட்ஸ் வருகிறது என்பதற்கு ஆதாரம் கேட்டேன், யாரும் காட்டவில்லை, ஆகவே நான் நம்பவில்லை என்றார். உலகமே காட்டியது, அவர் பார்க்கவில்லை. அவர் கொடுத்த பூதக்கண்ணாடியில் ஊரே கிருமியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் பழைய பேச்சைத்தான் 2020-ல் வாட்ஸப் மாமாக்கள் தூசி தட்டினார்கள். 'கண்டுபிடித்தவரே டெஸ்ட்டை நம்பாதே என்கிறார்!' கொரோனா காலம் வருமுன்பே நிமோனியாவில் இறந்துபோன மனிதரைக் கொரோனா சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

ஆதாரம் கேட்ட அதே மனிதருக்கு ஜோசியத்தில் மட்டும் நம்பிக்கை உண்டு. டிசம்பர் 28-ல் பிறந்ததால் தன்னை மகரம் என்பார். பாவம், நம்ம பஞ்சாங்கப்படி அது மார்கழி, சூரியன் தனுசில் இருக்கிறது. மொத்த ஜாதகமும் ஒரு கட்டம் தள்ளிப்போச்சு.

ஜோசியமாவது பரவாயில்லை. 1985-ல் ஒரு நள்ளிரவு, அதே காட்டுக் குடிலில், டார்ச்சோடு வெளியே இருந்த கழிப்பறைக்குப் போனாராம். வழியில் ஒரு ரக்கூன், ஒளி வீசிக்கொண்டு. மரியாதையாக டாக்டர் என்று விளித்து மாலை வணக்கம் சொன்னதாம். அடுத்து ஞாபகம் வந்தபோது விடிந்திருந்தது, தெருவில் நடந்துகொண்டிருந்தாராம். வேற்றுக்கிரகமா, வேறு ஏதாவதா என்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லை.

அந்த ரக்கூனின் ஒரே ஒரு முடி, வேரோடு கிடைத்திருந்தால் போதும், ஒன்றை நூறு கோடியாக்கி இன்னார் என்று பெயரே சொல்லியிருக்கலாம். டெக்னிக் அவர் கையில்தான் இருந்தது. அன்றைக்குப் பார்த்து மனிதர் ஒரு சாம்பிள் எடுக்கவில்லை.