ஒண்ணுமில்லை சித்தப்பா

மயிலாடுதுறையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஓர் ஒண்ணுமில்லை சித்தப்பா இருப்பார். வரப்பில் வழுக்கியிருப்பார், இல்லையென்றால் டி.வி.எஸ். 50-ஐயும் கூட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கியிருப்பார். ஓடிப்போய்த் தூக்குகிறவனிடம் முதல் வார்த்தை: "ஒண்ணுமில்லைடா, லேசா சுளுக்கு."

அவர் உடம்பில் அடிகளுக்குப் புயல் கணக்கு. இடது முழங்கால் 'தானே' புயல், 2011. வலது கணுக்கால் கஜா, 2018. கணுக்கால் எலும்பைத் தொட்டால் வலித்தாலோ, நாலு எட்டு வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடு என்று கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் மருத்துவர்கள் விதி வகுத்தார்கள். சித்தப்பாவா மசிவார்? பல்லைக் கடித்துக்கொண்டு மணிக்கூண்டு வரை நடந்து காட்டினார்.

வைத்தியத்துக்கு வரிசை உண்டு. முதலில் உப்பும் புளியும் காய்ச்சிப் பத்து. அடுத்து, காலால் பிறந்தவர் யாரையாவது கூட்டிவந்து ஓர் உதை. பிறகு சுளுக்கு எடுப்பவர். எண்ணெய் விட்டு உருவி உருவி, கடைசியில் மடக்கென்று ஒரு சத்தம். சத்தம் வந்தால் சரியாகிவிட்டதாம்! கீறல் விட்ட எலும்பைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். எல்லாம் தோற்றால் புத்தூர் கட்டு. அதையும் மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள் அவரே அவிழ்த்துவிடுவார்.

இந்த வருஷம் மணிக்கட்டு. மருமகள் நர்ஸ். அவள் வற்புறுத்தி ஒரு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ஒன்றும் தெரியவில்லை. "பத்துப் பதினாலு நாள் கழிச்சு இன்னொண்ணு எடுக்கணும் மாமா. கட்டைவிரலுக்குக் கீழே படகு மாதிரி ஒரு சின்ன எலும்பு. கீறல் முதல்ல தெரியாமலே போகும். அதுக்கு ரத்தம் ஓடறதே சுத்துவழி. விட்டா ஒட்டாது, மூட்டு தேஞ்சிடும்."

"முதல் ஆட்டத்துலயே ஒண்ணும் தெரியலே. ரெண்டாவது ஆட்டம் எதுக்கும்மா?"

இதே மனுஷன், எதிர்வீட்டுப் பையன் கபடியில் கால் பிசகினால் அரசு பெரியார் மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்க முதல் ஆளாக நிற்பார். "சின்ன வயசு, விட்டுடக் கூடாது" என்று வரிசைக்கே உபதேசம் நடக்கும்.

மூன்று மாதம் தாண்டிய வலியை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்கிறார்கள். சித்தப்பாவுக்கு அது சொத்து. முழங்கால் குடைந்தால், "நாளைக்கு மழை, நெல்லை மூடு" என்பார். நெல்லை மூடாமல் இருக்கவும் யாருக்கும் தைரியம் கிடையாது.

ஐப்பசிக் கடைசி நாள், கடைமுகம். துலாக் கட்டத்தில் ஊரே முழுகுகிறது. சித்தப்பாவுக்குப் படியிறங்கக் கணுக்கால் இடம் கொடுக்கவில்லை.

"இப்பவாவது டாக்டர்கிட்ட காட்டுங்களேன்" என்றாள் சித்தி.

"என்னடி அவசரம்? கால் முடியாம லேட்டா வந்தவனுக்காக சாமியே ஒரு நாள் கூட்டிக் குடுத்த ஊரு இது. நாளைக்கு முடவன் முழுக்கு. கூட்டமும் இருக்காது."