கல்லில் வீடு கட்டினான் பல்லவன், சாவிதான் கைக்கு வரவில்லை

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களைப் பார்க்கிறவர்கள் சிற்பக்கலை என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அவை 'மாடல் ஹவுஸ்'. ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து, புளிசாதப் பொட்டலம் கொடுத்து, ஜி.எஸ்.டி. சாலை வழியாகக் கூட்டிப்போய்க் காட்டுவார்களே, அதே சமாச்சாரம். நாலு வீடு ஒரே வரிசையில். ஐந்தாவது கொஞ்சம் தள்ளி, கார்னர் பிளாட். திரௌபதிக்கு ஒரே ஒரு அறை, கூரைவீட்டு டிசைன். பீமனுக்கு நீளவாக்கில் வண்டிக்கூடு டிசைன். தர்மராஜாவுக்கு மூத்தவர் என்கிற மரியாதையில் மேலே அடுக்கடுக்காக. பூங்காவுக்குப் பதிலாக ஒரு யானை, ஒரு சிங்கம், ஒரு காளை. எல்லா வசதியும் உண்டு. குடிவந்தவர்தான் யாருமில்லை. பாண்டவர் பெயரே பிற்பாடு யாரோ ஒட்டியது. அவர்கள் அட்வான்ஸ்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதைக் கட்டியவர்களின் துணிச்சல் வேறு ரகம். கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதாவது முதலில் கூரை, அப்புறம் சுவர், கடைசியில் தரை. நம் ஊரில் அஸ்திவாரம் போட்டுவிட்டுக் காணாமல் போகும் பில்டரைத்தான் பார்த்திருக்கிறோம். கூரையை முடித்துவிட்டுக் காணாமல் போனவன் பல்லவன் ஒருவன்தான். மாமல்லன் என்கிற பல்லவ அரசன் 668 வாக்கில் போய்ச் சேர்ந்தான். ரதங்கள் அவன் காலத்தவை என்பது பொதுவான கட்சி; இல்லை, பின்னால் வந்த ராஜசிம்மன் வேலை என்று மல்லுக்கு நிற்பவர்களும் உண்டு. யார் காலமாக இருந்தாலும் வேலை முடியவில்லை. தர்மராஜர் வீட்டின் கீழ்ப்பகுதி இன்றுவரை பாக்கி. 1,300 வருஷத் தாமதம். ரெராவில் புகார் கொடுக்கலாமென்றால் அந்தச் சட்டம் 2016இல்தான் வந்தது.

மாமல்லனின் அப்பா மகேந்திரவர்மன் இன்னும் கெட்டி. மண்டகப்பட்டுக் குகையில் பீற்றிக்கொண்டு ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறார்: செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, ஆனாலும் கட்டிவிட்டேன் என்று. எம்-சாண்ட் விலையைக் கேட்டுவிட்டு வந்த எந்த மேஸ்திரியும் இந்தக் கல்வெட்டைக் கட்டிக்கொண்டு அழுவான்.

சரி, இத்தனையும் செதுக்கியவன் ராத்திரி எங்கே படுத்தான்? கல்வெட்டு அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஓலைக் குடிசையில்தான் படுத்திருப்பான். திரௌபதி ரதத்தின் கூரையை ஒருதரம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வளைந்து இறங்கும் கூரை, மூலைகளில் மட்டும் பூவேலை. தன் குடிசையைத் தினமும் அண்ணாந்து பார்க்கிறவன் கைக்குத்தான் அந்த வளைவு வரும். சாமிக்குக் கல்லில் குடிசை. சிற்பிக்கு ஓலையில் குடிசை. நம் ஊரின் முதல் வீட்டுவசதிக் கொள்கை இதுதான் என்பேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பல்லவ, சோழ செப்பேடுகளில் பிராமணர்களுக்கு ஊர் தானம் கொடுக்கும்போது கூடவே சலுகைகளின் நீண்ட பட்டியல் வரும். அதில் ஒன்று, சுட்ட செங்கல்லில் மாடமாளிகை கட்டிக்கொள்ளும் உரிமை. படிக்கும்போது ஏதோ ஆசீர்வாதம் மாதிரி இருக்கும். திருப்பிப் போட்டுப் பாருங்கள்: அரசன் எழுதிக் கொடுத்தால்தான் செங்கல், இல்லாவிட்டால் மண்சுவர். கொங்கு நாட்டில் கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு ஓர் அரசன் கம்மாளர்களுக்குச் சில உரிமைகள் தருகிறான். நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போனால் செருப்பு போடலாம், வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கம்மாளர் யார்? கொத்தனும் தச்சனும் சிற்பியும்தான். நாட்டிலுள்ள கோயில் சுவருக்கெல்லாம் சாந்து பூசியவன், சொந்த வீட்டுச் சுவருக்குப் பூச ராஜ உத்தரவுக்குக் காத்திருக்கிறான். 'பிளான் அப்ரூவல்' வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

மாமல்லபுரம் இருந்த அதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் உத்திரமேரூரும் இருந்தது. பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைச் சொல்லி மார்தட்டாத மேடை கிடையாது. மேடையில் விட்டுவிடும் ஒரு வரி உண்டு. 921ஆம் ஆண்டு விதிப்படி, ஊர்ச்சபைக்காக ஓலையில் பெயர் எழுதிப் பானையில் போட வேண்டுமானால் வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். கால்வேலி வரி கட்டும் நிலம். சொந்த மனையில் கட்டிய வீடு. வாடகைக்காரன் பானைக்குப் பக்கத்திலேயே வர முடியாது. மாசம் 5ஆம் தேதி வாடகையை ஜி-பேயில் தள்ளும் நண்பர்கள், அடுத்தமுறை உலகின் முதல் ஜனநாயகம் என்று கைதட்டுமுன் இதை ஒருதரம் நினைத்துக்கொள்ளலாம்.

ராஜாக்கள் போனார்கள், கும்பினி வந்தது, கலெக்டர் வந்தார். நிலம் மிராசுதார் கையில். உழைப்பு படியாள் கையில். படியாளின் குடிசை நிற்கிற மண்ணும் மிராசுதாருடையதாம். கூலி போதவில்லை என்று வாய் திறந்தால், "நாளைக்கே குடிசையைப் பிரி" என்று ஒரு வார்த்தை. வீட்டு வாடகை என்று காசாக எதுவும் கிடையாது. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வாடகை. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலைமை குறித்து அரசாங்கத்துக்கு ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். சேரி மனைகள் மிராசுதாருக்குச் சொந்தம் என்கிற உரிமைகோரல் இந்த அடிமைத்தனத்துக்கு அச்சாணி என்று அதில் போட்டு உடைத்தார். மனுஷன் சாமானியப்பட்டவர் இல்லை. மற்ற கலெக்டர்கள் முயல் சுட்ட கணக்கை எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேளுங்கள். "அவனுக்குச் சொந்த மனை கொடுத்தால் நம்மிடம் வேலைக்கு வரமாட்டான்." இவ்வளவு நேர்மையான ஆட்சேபணையை நான் வேறெங்கும் படித்ததில்லை. இப்போதைய குடியிருப்போர் சங்கங்கள், பக்கத்தில் ஏழைகளுக்கு அடுக்குமாடி வருகிறது என்றதும், போக்குவரத்து நெரிசல், நிலத்தடி நீர், சுற்றுச்சூழல் என்று சுற்றி வளைக்கின்றன. மிராசுதார் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

1892இல் அரசாணை வந்தது, எண் 1010. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் பிறந்தது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கத்தில் இருக்கும் கணக்கு. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அப்புறமும் அதே வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது; நிலம்தான் கைமாறிவிட்டது. அதைத் திருப்பிக் கேட்டு மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணை மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இருவர் செத்தார்கள். இதில் நான் சிரிக்கவைக்க எதுவும் இல்லை.

குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று தமிழ்நாடு சட்டம் போட்டது 1971இல். கலெக்டரின் அறிக்கைக்கும் அதற்கும் நடுவே 80 வருஷம். அதே 1971இன் பெயரைத் தாங்கித்தான் நகர் ஊரமைப்புச் சட்டமும் வந்தது. ஒரு கையால் மனையைக் கொடுத்தார்கள். மறு கையால் அதில் எதைக் கட்டலாம் என்று புத்தகம் போட்டார்கள்.

எழுபதுகளில் சென்னையின் முதல் மாஸ்டர் பிளான். நகரம் பிதுங்குகிறது, துணைநகரம் வேண்டும் என்று மறைமலை நகரை வரைந்தார்கள். நேர்நேரான தெருக்கள், தனித்தமிழ் பெயர். ஜனங்களோ, வரைந்த இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் முதலில் வீடு கட்டினார்கள்.

எங்கள் அப்பாவும் அந்த ஜனத்தில் ஒருவர். 1994இல் திருக்கழுக்குன்றம் போகிற வழியில் அரை கிரவுண்டு, மனை எண் 47. புளிசாதமும் வேனும் அங்கேதான் எனக்கு அறிமுகம். விற்றவர் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்த நகருக்குத் தன் குலதெய்வத்தின் பெயரை வைத்திருந்தார், அது போதும். வரைபடத்தில் பூங்கா இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. நேரில் செம்மண்ணும், சிவப்பு வெள்ளை அடித்த மனைக்கற்களும், ஒரு பனைமரமும் இருந்தன. "அப்ரூவல் ப்ராசஸ்ல இருக்கு சார்" என்றார்கள். 2016 செப்டம்பரில் அனுமதியில்லா மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று உயர்நீதிமன்றம் தடை போட்டபோதும் அது ப்ராசஸில்தான் இருந்தது. மறுவருஷம் வரன்முறைத் திட்டம் வந்து, 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனையெல்லாம் பணம் கட்டினால் புனிதமாகலாம் என்றார்கள். ஆசையாகப் பணம் கட்டப் போனோம். மனையைக் காட்டச் சொன்னார்கள். 47ஆம் கல்லைக் காணோம்.

தப்பு அப்பா மேல் மட்டுமில்லை. முறையாக அனுமதி வாங்கிய மனை அவர் சம்பளத்துக்கு எட்டாது. சட்டத்துக்குள் மலிவான வீடு கிடைக்காத ஊரில் ஜனங்கள் சட்டத்துக்கு வெளியேதான் மலிவைத் தேடுவார்கள். 2019 விதிகளில் தளப்பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2 ஆக்கினார்கள். ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், 3,600 சதுர அடி கட்டிய இடத்தில் 4,800 கட்டலாம். நல்ல வேலை, முப்பது வருஷம் முன்பே செய்திருந்தால் பாதி ஏரிகள் தப்பித்திருக்கும். மேலே போகவிடாத ஊர் பக்கவாட்டில் பரவி ஏரிக்குள் இறங்கும். பெரும்பாக்கத்தில் மேலேயும் போனார்கள், எட்டு மாடி. கூவம் கரையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்கள் வேலையை மட்டும் சென்னையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். 2022இல் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக நீட்டியதும், தரகர்களின் தொண்டையும் அதே விகிதத்தில் நீண்டது. செங்கல்பட்டும் மாமல்லபுரமும் இனி புதுநகரங்களாம்.

மாமல்லபுரத்தில் எங்கே கட்டுவார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் கட்டவே கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் கேட்டுவிட்டுக் கட்ட வேண்டும். 2010இல் வந்த திருத்தம். அந்த ஊரில் கல் இல்லாத தெரு எது? ஒரு வட்டத்தைத் தாண்டினால் அடுத்த வட்டம் ஆரம்பம். கிழக்கே திரும்பினால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர். கடற்கரைக் கோயிலையே இன்றைக்குக் கட்ட நினைத்தால் ராஜசிம்மனுக்கு என்.ஓ.சி. கிடைக்காது. அதே ஊரில் இன்றைக்கு உளி பிடிப்பவர் பட்டறையில் கருங்கல்லில் ஐந்து ரதமும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். பெண்ணுக்குக் கல்யாணம் என்று மாடியில் ஓர் அறை எடுக்க மனு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கோனேரின்மைகொண்டான் தேவலாம்.

எங்கள் சித்தப்பா இருப்பது இன்னும் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தில். அங்கே வட்டங்கள் மூன்று. கிழக்கே கடல், ஊர் நடுவே தொல்லியல் துறையின் டச்சுக் கோட்டை, பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் 5 கிலோமீட்டர் வளையம். போன வருஷம் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டியபோது நானும் போயிருந்தேன். நாலடி இறங்கியதும் கடப்பாரை 'ணங்' என்றது. மேஸ்திரி கையை எடுத்துவிட்டார். சித்தப்பா தெருவாசலைப் பார்த்துக்கொண்டார்.

"இன்னா நைனா இது, கல்வெட்டா?"

"மெதுவா பேசு மேஸ்திரி. எழுத்து இருந்தா மூடிடு. பல்லவனோ டச்சுக்காரனோ, வெளிய வந்தான்னா என் வீடு போச்சு."

"எழுத்து இருக்குதே."

எல்லோரும் குனிந்தோம். ஒரு முழக் கல், பட்டையாக. மண்ணைத் தேய்த்ததும் வெள்ளைப் பெயின்ட் தெரிந்தது, அப்புறம் சிவப்பு. அந்தக் காலத்தில் வேலிக்கு என்று யாரோ மாட்டுவண்டியில் மலிவாகக் கொண்டுவந்து போட்ட கற்களில் ஒன்று என்று சித்தப்பாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மேஸ்திரி தண்ணீர் ஊற்றிக் கழுவி என்னிடம் தூக்கிக் காட்டினார்.

47.