ஆடுபுலிக் கட்டத்தில் ஒரு விமானந்தாங்கி: தஞ்சைத் திண்ணைகளுக்கான முன்வரைவு

ஆடுபுலி ஆட்டத்தில் புலி 3, ஆடு 15, புள்ளி 23. கப்பல் ஒன்றுகூடக் கிடையாது. 1025-இல் கடாரத்துக்குப் படை அனுப்பிய சோழ நாட்டில், நாகப்பட்டினத்துக்கு எதிரே 1746, 1758, 1782 என மூன்று முறை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பீரங்கியால் பேசிக்கொண்ட கரையில், இக்குறையை எந்த அறிஞரும் இதுவரை கண்டித்ததாகத் தெரியவில்லை. கண்டித்தாயிற்று. இனிப் பரிகாரம்.

காய்க்கு மூலமாகக் கொள்ளத்தக்கது ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய முதல் போர்க்கப்பல் அது. 1918-இல் அடிபோட்டு 1924-இல் படையில் சேர்த்தார்கள். நீளம் 600 அடி, எடை 10,850 டன், வேகம் 25 நாட், விமானம் சுமார் 20. தஞ்சை ஆய்வாளருக்கு இதைவிட முக்கியமான தகுதி ஒன்று உண்டு: அது கடைசியாகத் தங்கிய திருகோணமலை, கோடிக்கரையிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர்தான்.

கப்பலுக்கு மதிப்பெண் போடும் வழக்கம் பழையது. ஃப்ரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் 1898-இல் உலகப் போர்க்கப்பல்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டார். கடற்போர் விளையாட்டு ஒன்றையும் உருவாக்கினார். பீரங்கியையும் கவசத்தையும் கணக்கிட்டால் கப்பலின் பலம் கிடைத்துவிடும் காலம் அது. அதே முறையில் ஹெர்மிஸை எடை போட்டால் ஐந்தரை அங்குலப் பீரங்கி ஆறு, சில விமான எதிர்ப்புப் பீரங்கிகள், சொல்லிக்கொள்ளும்படியான கவசமில்லை என்றுதான் வரும். அதை நம்பிக் காய் செய்தால் சோளக்கொல்லைப் பொம்மைதான் மிஞ்சும்.

ஆகவே முதல் வரைவில் அதைப் புலியாக்கலாம் என்று தோன்றும். தாண்டி வெட்டும், தனியே திரியும், பார்த்தால் பயம் வரும். இந்த வரைவை 1942 ஏப்ரல் 9-ஆம் தேதியோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். ஜப்பானியர் வருகிறார்கள் என்ற எச்சரிக்கையின் பேரில் முந்தைய இரவே ஹெர்மிஸ் திருகோணமலையை விட்டுத் தெற்கே போயிற்று. அதன் விமானங்கள் கரையிலேயே நின்றுவிட்டன. துணைக்கு வந்தது வேம்பயர் என்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல். காலையில் துறைமுகம் குண்டு வாங்கியது. ஆபத்து விலகியதென்று ஹெர்மிஸ் திரும்பிக்கொண்டிருந்தபோது, மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானிய விமானங்கள் கண்டுபிடித்துவிட்டன. அதைத் தேடிக் கிளம்பிய குண்டுவீச்சு விமானங்கள் 85. சிறிது நேரத்தில் கப்பல் மூழ்கியது. 307 பேர் மாண்டனர். வேம்பயரும் தப்பவில்லை. நீரில் தத்தளித்தவர்களை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் காப்பாற்றியது.

புலி என்ற கருதுகோள் இத்துடன் தள்ளுபடி. ஆடு என்று வைத்துக்கொள்ளவும் தடை உண்டு. ஆட்டின் பலமே பின்னால் இன்னொரு ஆடு நிற்பது. பின்புள்ளி அடைபட்டிருந்தால் புலியால் தாண்ட முடியாது. ஹெர்மிஸுக்குப் பின்புள்ளியில் நின்றது வேம்பயர் ஒன்றே.

திருத்திய வரைவு இது. கப்பலாகிய தாய்க்காய்க்குக் கொட்டாங்கச்சிச் சில்லு ஒன்று. குழிவான பக்கம் மேலே இருக்கட்டும். அதில் நான்கு உளுந்து. ஓர் உளுந்துக்கு ஐந்து விமானம். குன்றிமணிதான் பார்வைக்கு எடுப்பு, ஆனால் அது நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. தவிர, சம்பா அறுப்புக்குப் பின் தரிசில் விளையும் உளுந்துக்கு டெல்டாவில் பஞ்சமில்லை. சில்லு வெட்டாது, உளுந்துதான் இரண்டு புள்ளி பறந்து வெட்டிவிட்டுத் திரும்பும். அது வெளியே இருக்கும்வரை சில்லை எந்தக் காயும் வெட்டலாம்.

வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கட்டும். 0, 1, 2, 3 குறித்த இரட்டைப் பித்தளைக் கட்டையில் பன்னிரண்டு விழ 16-க்கு ஒரு வாய்ப்பு. தாயத்துக்கு 16-க்கு இரண்டு. தாயம் விழுந்தால் வெட்டு, பன்னிரண்டு விழுந்தால் கப்பலே காலி. விழுந்ததை மாற்றக்கூடாது. 1942 மே மாதம் யமாட்டோ கப்பலில் ஜப்பானியர் மிட்வே போரை மேசைமேல் ஆடிப் பார்த்தார்கள். பகடையின்படி ஒன்பது குண்டு பட்டு ஜப்பானிய விமானந்தாங்கிகளான அகாகி, காகா இரண்டும் மூழ்க வேண்டும். தளபதி உகாகி குறுக்கிட்டு ஒன்பதை மூன்றாக்கினார். அப்படியும் மூழ்கிய காகா பிறகு ஆட்டத்துக்குத் திரும்பி வந்தது. அழுகுணி ஆட்டத்துக்கு இதைவிடப் பெரிய இடத்துச் சான்று கிடைக்காது. ஜூனில் மிட்வேயில் இரண்டு கப்பல்களும் உண்மையாகவே போயின.

தரையில் கோடு கிழித்து ஆடுவது கௌரவக் குறைவு என்போர் லிவர்பூலைப் பார்க்கலாம். அங்கே 1942-இல் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரியும் கடற்படையில் பணியாற்றிய இளம்பெண்களும் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு ஆடித்தான் ஜெர்மன் நீர்மூழ்கிகளை மடக்கும் உத்திகளைக் கண்டார்கள். கடற்படை அதிகாரிகள் அங்கே பாடம் கேட்க வந்தார்கள்.

உதவிக் காய்களுக்கு வாய்க்கால் தண்ணீரின் வழக்கம் பொருந்தும்: தலைமடைக்கு முதலில், கடைமடைக்குக் கடைசியில். ஹெர்மிஸைக் காக்க ரத்மலானையிலிருந்து கிளம்பிய ஃபுல்மார் விமானங்கள், பயிர் கருகிய பிறகு கடைமடைக்கு வந்த தண்ணீரைப் போல, கப்பல் மூழ்கியபின் வந்து சேர்ந்தன. எனவே உதவிக் காய் இரண்டு முறை தாமதித்தே நகரும்.

தஞ்சாவூரை மூழ்காத புள்ளியாக வைக்கலாம். அங்குள்ள விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 விமானங்களோடு 222-ஆம் படைப்பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் பெயர் டைகர்ஷார்க்ஸ். ஆட்டத்துக்கு வேண்டிய புலி பெயரிலேயே இருக்கிறது.

மதிப்பெண்: உளுந்தோடு இருந்தால் ஹெர்மிஸ் முக்கால் புலி, இல்லாவிட்டால் அரை ஆடு. அந்தப் பக்கம் ஆட உட்காருபவர்கள் திருகோணமலையை விட்டுக் கிளம்புமுன் சில்லில் உளுந்து இருக்கிறதா என்று ஒரு தடவை எண்ணிக்கொள்ளவும்.