அமாவாசை ஓதமும் தங்கா பத்துத் தூண்டிலும்

மலாக்கா நகருக்கு வடமேற்கே கடலோரச் சாலையில் தஞ்சோங் கிலிங்கைத் தாண்டி வரும் தங்கா பத்து என்னும் ஊர்ப்பெயருக்கு மலாய் மொழியில் ‘கற்படி’ என்று பொருள். அதை அடுத்த சுங்கை ஊடாங்கிற்கு ‘இறால் ஆறு’ என்று பொருள். பெயரை மட்டும் நம்பி இறால் அள்ள வாளியோடு புறப்படுகிறவர், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும் நீரிணையில் நகரும் கப்பல்களையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். ஆனாலும் சனி, ஞாயிறுகளில் இந்தக் கரையில் தூண்டிலோடு உட்காரும் தமிழர்களுக்குக் குறைவில்லை. அவர்கள் எப்போது வருகிறார்கள், எதைப் பிடிக்க வருகிறார்கள், எதைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள் என்னும் மூன்று வினாக்களில் முதலாவதே ஆய்வுக்கு உகந்தது. மூன்றாவதைக் கேட்பது நாகரிகமன்று.

கரையோரத் தூண்டிலுக்கு ஏற்ற பருவம் இளவேனில் என்பது குளிர்நாட்டார் கணக்கு. அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் குளிரில் அடங்கிக் கிடந்த உப்பங்கழிகள் சூடேறத் தொடங்கியதும் சிற்றிறாலும் குறுமீனும் பெருக, அவற்றைத் துரத்திக்கொண்டு ரெட்ஃபிஷ்ஷும் புள்ளி டிரவுட்டும் ஆழமில்லாத நீருக்கு வந்துவிடுகின்றன. தமிழ் வழக்கிலும் சித்திரை, வைகாசி இரண்டும் இளவேனில்தான் என்றாலும், தங்கா பத்தில் அது நாள்காட்டித் தாளோடு நின்றுவிடுகிறது. கடல்நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 28 முதல் 30 டிகிரி வரை ஒரே வெதுவெதுப்பில் இருக்க, சித்திரையில் மாறுவது காற்று ஒன்றுதான். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேற்கு பிடிக்கும் முன்னுள்ள இந்த இடைக்காலத்தில் மாலைதோறும் இடிமழை திரளும். ‘சுமத்ரா’ எனப்படும் சூறைக்காற்று எதிர்க்கரைத் தீவிலிருந்து நீரிணையைக் கடந்து பெரும்பாலும் விடியலுக்கு முன் வந்து சேரும். இரவெல்லாம் காத்திருந்து ஐந்து மணிக்கு மீன் கொத்தத் தொடங்கும்போது சுமத்ராவும் கூடவே வருவதற்கு வானிலையியலில் விளக்கம் உண்டு. தூண்டில்காரர்கள் அதை ஏற்பதில்லை, யாரோ கண் வைத்துவிட்டதாகவே கொள்கிறார்கள்.

மேற்சொன்ன அமெரிக்க மீன்கள் இரண்டும் பெயரளவில் வேறாயினும் இனத்தால் பங்காளிகள். டிரவுட் எனப்படுவது உண்மையில் டிரவுட்டே அன்று. இரண்டும் தமிழில் கத்தாளை என்றும் மலாயில் கெலாமா என்றும் வழங்கும் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்து மீன்கள் பல, காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்துக் குரலெழுப்பும் என்பதால், தங்கா பத்தில் பிடிபட்டு வாளிக்குள் விழுந்த கெலாமாவும் ‘கொர், கொர்’ என்று முறையிடுகிறது. அதன் தலைக்குள் வெள்ளைக் கல் போன்ற இரண்டு செவிக்கற்கள் இருக்கின்றன. கல் இருப்பது மீனின் தலையிலா, அதற்காக இரவெல்லாம் கொசுக்கடியில் உட்கார்ந்தவர் தலையிலா என்று இல்லத்தரசிகள் எழுப்பும் ஐயம் இன்னும் தீர்க்கப்படவில்லை.

இக்கரையில் அமரும் தமிழர் பலருக்குக் கடல் பிதுரார்ஜிதமன்று. தான் சாய் யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதை அடுத்துப் பெருகிய தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் உழவும் ஏரியும் அறிந்தவர்கள். அவர்களின் பிள்ளைகள் தூண்டில் கற்றது தோட்டத்துப் ‘பாரிட்’டில், அதாவது வடிகால் வாய்க்காலில், மூங்கில் கழியும் மண்புழுவும் கொண்டு விரால், பனையேறி, கெளுத்தி பிடித்தபோதுதான். தோட்டம் கைமாறி, தொழிற்சாலை வேலைக்கு ஆள் நகர்ந்து, மூங்கில் கழி ரீல் பூட்டிய ‘ஜோரான்’ ஆன பிறகும் மண்புழுப் பாசம் எளிதில் போகவில்லை. உப்புநீர் மண்புழுவின் உடலிலுள்ள நீரை உறிஞ்சிவிடுவதால் கடலில் அது சற்று நேரத்தில் செத்துத் துவண்டுவிடுகிறது. வற்றிய சேற்றில் தோண்டியெடுக்கும் ‘பும்புன்’ என்னும் கடற்புழுவும் உயிருள்ள இறாலுமே இங்கு இரை. அந்த இறாலைக் குழம்பு வைத்தால் நான்கு பேர் வயிறாரச் சாப்பிடலாம் என்னும் கணக்கை வீட்டில் உள்ளவர்கள் மட்டுமே போட்டுப் பார்க்கிறார்கள்.

இனி, எப்போது வருகிறார்கள் என்னும் முதல் வினாவுக்கு வரலாம். மலாக்கா நீரிணையில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் உண்டு. ஒவ்வொரு நாளும் அவை முந்தைய நாளைவிட ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும், தொழிற்சாலை ஷிப்ட் அப்படிப் பிந்துவதில்லை. அரைநிலா நாள்களில் நீர் அதிகம் ஏறாமலும் இறங்காமலும் சோம்பிக் கிடப்பதை மலாய் மீனவர் ‘ஆயர் மாத்தி’, அதாவது செத்த தண்ணீர் என்பர். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வரும் உவா ஓதத்திலோ நீர் வேகமாக ஏறிப் பாறை இடுக்குகளைக் கழுவிக்கொண்டு வர, இரையும் இரையைத் தேடும் மீனும் கரையை நெருங்கும். தங்கா பத்துத் தூண்டில்காரருக்கு இளவேனில் என்பது மாதம் இருமுறை வருவது.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது, ஏனெனில் அந்த இரண்டு நாள்களும் பல தமிழ் வீடுகளில் சைவ நாள்கள். “இன்னிக்கு அமாவாசைங்க, மீனைத் தூக்கிக்கிட்டு வாசப்படி ஏறாதீங்க” என்ற ஆணைக்கு முன்னால் சந்திரனின் ஈர்ப்புவிசை செல்லுபடியாவதில்லை. இதற்குச் சமூகம் கண்ட வழிகள் பல. பிடிப்பது வேறு, உண்பது வேறு என்று பகுத்து மீனைப் பக்கத்து வீட்டு மலாய்க்காரரின் ஐஸ் பெட்டியில் ஒரு நாள் குடிவைப்பது ஒன்று. நம் ஐஸ் பெட்டியிலேயே கீழ்த்தட்டு அசைவம், மேல்தட்டு சைவம் என எல்லை வகுப்பது இன்னொன்று, ஆனால் மேல்தட்டுத் தயிர் கெலாமா மணத்தை ஏற்றவுடன் அந்த உடன்படிக்கை முறிந்துவிடும். உண்மையில் அறிவியல் குடும்பத்தின் பக்கமே நிற்கிறது: உவா ஓதம் உச்சம் தொடுவது பல கடற்கரைகளில் அமாவாசைக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான். ஒருநாள் பொறுத்திருந்தால் நீரும் கூடும், விரதமும் முடியும். ஆனால் பொறுத்திருக்கும் குணமுள்ளவர் தூண்டில் வாங்கவே போகமாட்டார் என்பது ஒருபுறமிருக்க, வெறுங்கையோடு திரும்புவதைக் குறிக்கும் ‘கும்பாவ்’ என்ற சொல் அமாவாசையன்று மட்டும் பக்தி என்ற பொருளையும் பெற்றுவிடுகிறது.

பிடிபடும் மீன்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எல்லாரும் கனவு காண்பது ‘சியாக்காப்’ எனப்படும் கொடுவா. அது சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து பின்னர் பெண்ணாக மாறுவது என்பதால், “பெரிய ஆளு ஒருத்தன் அறுத்துக்கிட்டுப் போயிட்டான்” என்று தங்கூசி நரம்பைக் காட்டிச் சொல்லும்போது பால் வழு நேர்கிறது. எல்லாருக்கும் மாட்டுவதோ ‘செம்பிலாங்’ என்னும் வால் நீண்ட கருங்கெளுத்தி. முதுகில் ஒன்றும் பக்கங்களில் இரண்டுமாக நஞ்சுமுள் கொண்ட அது குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு மருத்துவரைத் தேடுவது நல்லது. குழம்பில் மட்டும் அதற்கு இணை சொல்ல முடியாது.

“என்னாண்ணே, மாட்டுச்சா?” என்று வழிப்போக்கர் கேட்டால், மாலை ஆறு மணிக்கே வந்து நள்ளிரவைக் கண்டவரும் “இப்பத்தான் தம்பி வந்தேன்” என்றே விடையளிப்பார். ஆகவே தங்கா பத்துக் கரைப்பக்கம் போகும் வாசகர்கள் காற்றையும் கப்பலையும் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வாளிக்குள் எட்டிப் பார்க்காமல் கடந்துசெல்லுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.