சீவாளிப் படலம்: தங்காக்கில் ஒரு கற்றுக்குட்டியின் கள ஆய்வு

நாகஸ்வரத்தில் ஒலி வந்தவர்கள் கச்சேரிக்குப் போய்விடுகிறார்கள். வராதவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. ஆகவே ஒலி வராமை பற்றிய ஆய்வுலகம் வறண்டு கிடக்கிறது. அக்குறையைப் போக்க, எட்டு மாதமாக ஒலி வராத அடியேன் முன்வந்தேன். ஆய்வுக்களம், துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக்கில் ஒரு கடைவீட்டு மாடியின் பின்னறை. சன்னலுக்கு வெளியே 1,276 மீட்டர் உயரத்தில் குனோங் லேடாங். மலைக்கும் இவ்வாய்வுக்கும் தொடர்பில்லை. ஆனால் முன்தினம் பதமாக இருந்த சீவாளி மறுநாள் ஊறிப்போய் மொத்தென்று கிடந்தால், பழியைச் சுமக்க ஒரு மலை பக்கத்தில் இருப்பது நல்லது.

சீவாளியாவது, நாணல் தட்டையை இரு நாக்காக மடித்து அடியில் நூல் சுற்றிக் கட்டியது. திருவாவடுதுறைப் பக்கத்தில் இதைச் செய்வதே குலத்தொழிலாக உடைய குடும்பங்கள் உண்டு. இது கெண்டை எனும் உலோகக் குழலில் ஏறும். கெண்டை உலவின் தலையில் இறங்கும். உலவு ஆச்சா மரத்தில் கடைந்தது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அதை வாசிக்கும் மாணவனுக்கு எந்தக் குறியீடும் இல்லை.

சரிசெய்யும் முறை ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடியது. நாக்குகளின் நடுவே வாய் அகன்றிருந்தால் மூச்சு போதாது. எச்சிலில் நனைத்து விரலால் அமுக்கவேண்டும். ஒட்டிக்கொண்டால் ஊசியால் நெம்பவேண்டும். கெண்டையை உள்ளே தள்ளினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். எவ்வளவு அமுக்குவது என்று மாஸ்டரைக் கேட்டேன். “கொஞ்சமா, தம்பி” என்றார். கொஞ்சம் என்ற அளவையை வரையறுக்க நான்கு சீவாளிகள் பலியாயின. முதலாவது பிளந்தது. இரண்டாவது ஒட்டியது ஒட்டியதுதான். மூன்றாவதன் ஒலியைக் கேட்டுக் கீழ்வீட்டு மலாய்க்கார மாக்சிக் படியேறி வந்து, “லெம்பு சாக்கிட் கே?” என்று விசாரித்தார். மாட்டுக்கு உடம்பு சரியில்லையா என்ற அக்கேள்வியே இவ்வாய்வுக்குக் கிடைத்த ஒரே புறநிலைச் சான்று. நான்காவதன் முடிவைப் பிறகு சொல்கிறேன்.

ஒப்பியல் நோக்கில் பார்த்தால், ஸ்காட்லாந்தின் பேக்பைப்புக்கும் இதே நாணல் வம்பு உண்டு. கோலாலம்பூரில் சீக்கிய இளைஞர்கள் 1986இல் தொடங்கிய ஸ்ரீ தஸ்மேஷ் குழு அதைத்தான் வாசிக்கிறது. அங்கும் புதிதாய்க் கற்பவர் நாக்கைக் கிள்ளி இளக்குவார். அடியில் நூலைக் கூட்டியும் குறைத்தும் ஏற்றி இறக்குவார். ஆனால் அந்த நாக்கு குழலின் தலைக்குள் மறைந்திருக்கிறது. காற்று வருவது பையிலிருந்து. வாசிப்பவரின் உதடு அதைத் தொடுவதே இல்லை. ஆகவே வாசிப்பு நாறினால், “நாக்கு சரியில்லை” என்று அவர் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு.

நமக்கு அந்தச் சலுகை கிடையாது. சீவாளி நம் உதட்டுக்கு நடுவே இருக்கிறது. அகன்றதை உதடு அடக்கும், இறங்கிய சுருதியை மூச்சு தூக்கும். இந்த உண்மை என் ஆய்வின் கருதுகோளுக்கே உலை வைத்ததால், இதை அடிக்குறிப்பில் போட்டு மறைக்க நினைத்தேன். கட்டுரையில் அடிக்குறிப்பு இல்லை.

இனி வகைப்பாடு. சீவாளி மூன்று: ஊதினால் பேசாதது, ஊதாதபோதும் எச்சிலில் முனகுவது, பிறர் ஊதினால் மட்டும் பேசுவது. மூன்றாம் வகை அபூர்வம் என்றே முதலில் கருதினேன். கழித்துக்கட்டியவற்றை ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு, “பயனற்றவை” என்று எழுதியும் ஒட்டியிருந்தேன்.

சென்ற வெள்ளிக்கிழமை மாஸ்டர் வந்தார். ராத்திரி கோயிலில் புறப்பாடு. அவருடைய சீவாளிகள் காரில் கிடந்து காய்ந்திருந்தன. டின்னைக் கண்டார், என் நான்காவதை எடுத்தார், வாயில் ஒதுக்கிக்கொண்டு ஒரு கோப்பி குடிக்கும் நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு ஊசியால் ஒரு தொடு. தோடி எழுந்தது. கீழே மாக்சிக் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார்.

“நல்ல சீவாளியா இருக்கே, எங்க வாங்கினீங்க?” என்று கேட்டபடி, டின்னோடு எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.