காலுறை வெளுப்பாளர்

வெள்ளைக் காலுறையை, அதாவது பேச்சு வழக்கில் சாக்ஸ் எனப்படுவதை, வாரத்தில் ஒரு நாளேனும் கட்டாயமாக்கிய மெட்ரிகுலேஷன் பள்ளிகள் தமிழகத்து நடுத்தரக் குடும்பங்களில் உருவாக்கிய மனித வகைகளுள் முதன்மையானவர் காலுறை வெளுப்பாளர் ஆவார். இவர் பெரும்பாலும் தந்தையாகவும், வாரத்தின் ஆறு நாட்கள் துவைக்கும் கல்லின் பக்கம் எட்டிப் பாராதவராகவும், ஞாயிறு காலை இட்லிக்குப் பின் வேதியியல் அறிஞராகிவிடுபவராகவும் இருப்பார்.

இவரது முதல் ஆயுதம் வினிகரில் கொட்டிய ஆப்ப சோடா. சோடா காரத்தன்மை உடையது, வினிகர் அமிலம். எனவே இரண்டும் கலந்த மாத்திரத்தில் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கரியமில வாயுவாகப் பொங்கித் தணிந்து, சோடியம் அசிட்டேட் என்னும் உப்பு கலந்த தண்ணீரையே பெரும்பாலும் மிச்சம் வைக்கும். எனினும் அந்த நுரையைக் கண்ட வெளுப்பாளர், அழுக்கு அலறிக்கொண்டு வெளியேறுவதாகவே கருதி, அடுக்களையில் இருப்போரையெல்லாம் அழைத்துக் காட்டுவார்.

நுரை அடங்கியதும் பிளீச்சிங் திரவம் வரும். சோடியம் ஹைப்போகுளோரைட்டு அடங்கிய இத்திரவம் பருத்தியை வெளுக்குமாயினும், காலுறையைக் கணுக்காலில் இறுக்கிப் பிடிக்கும் எலாஸ்டேன் இழையை நலியச் செய்யும், நைலானை மஞ்சளாக்கும், விளையாட்டு மைதானத்துச் செம்மண்ணையோ, அதன் நிறம் இரும்பு ஆக்சைடால் ஆனதாகையால், ஒன்றுமே செய்யாது. செம்மண்ணுக்கு எலுமிச்சைச் சாறு போன்ற அமிலமே ஓரளவு பயன்படும் என்பதை ஏற்காத வெளுப்பாளர், மருந்தின் அளவு போதவில்லை என்று முடிவுகட்டி இன்னொரு மூடி ஊற்றுவதால், அவர் கைப்பட்ட காலுறை செம்மண் நிறத்தைச் சிறிதும் இழக்காமல், நிற்கும் வலுவை மட்டும் இழந்து, குதிகாலருகே சரிந்து கிடக்கும்.

உண்மையில் காலுறையின் அழுக்கு பெரிதும் வியர்வை, தோலின் எண்ணெய், உதிர்ந்த தோல் ஆகியவையே; அவற்றை, முந்தைய இரவே காலுறையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, சோப்புத்தூள் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, விடியலில் பிரஷ்ஷால் தேய்த்து நீக்கியவர் அவருடைய மனைவி. இதற்கு வெளுப்பாளர் ‘முன்தயாரிப்பு’ என்று பெயரிட்டிருக்கிறார். தம் வெற்றியை அக்கம்பக்கத்தாரிடம் விவரிக்கையில் அதைக் குறிப்பிடுவது அவர் வழக்கமன்று.

இறுதிக் கட்டம் சொட்டு நீலம். 1983இல் கேரளத்தில் அறிமுகமான உஜாலா போன்ற இவ்வகை நீலத்திரவங்கள் அழுக்கை அகற்றுவதில்லை. நீலச்சாயல் பழுப்பேறிய மஞ்சளை ஈடுகட்டுவதால், கண்ணுக்குத் துணி வெண்மையாகத் தோன்றுகிறது, அவ்வளவே. சொட்டுகளை எண்ணும் பொறுமை வெளுப்பாளருக்கு இல்லையாதலால், திங்கட்கிழமை அவர் பிள்ளை இளநீலக் கால்களுடன் பள்ளிக்குச் செல்லும். மாலையில் நாட்குறிப்பேட்டில், வெள்ளைக் காலுறை அணிவித்து அனுப்புமாறு வகுப்பாசிரியை எழுதியிருப்பார். அதன் கீழேயே, உண்மையான வெண்மை இதுதான் என்றும், வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகள் அணிந்திருப்பவை அனைத்தும் மஞ்சள் என்றும் அரைப்பக்கத்துக்குக் குறையாமல் விளக்கம் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு, கடை சாத்துவதற்குள் புது ஜோடி வாங்கிவர வெளுப்பாளர் பைக்கை எடுப்பார்.